ஓடுபாதையில் விரித்த வேட்டிகள்

எண்பதுகளின் பின்பாதி. இட ஒதுக்கீடு கேட்டு எங்கள் ஊர்ப் பக்கத்தில் அடிக்கடி சாலை மறியல் நடந்துகொண்டிருந்த நேரம். நான் சென்னையில், சொந்தமாகச் சின்ன விமானம் வைத்துப் பொழுதுபோக்காக ஓட்டுகிறவர்கள் சேர்ந்து நடத்திய ஒரு கிளப்பில் உதவியாளனாக இருந்தேன். வயது இருபத்தாறு.

உளுந்தூர்பேட்டை பக்கத்தில் இரண்டாம் உலக யுத்த காலத்தில் போட்ட பழைய ஓடுபாதை ஒன்று உண்டு. ஒரு ஞாயிற்றுக்கிழமை எல்லோரும் அவரவர் விமானத்தில் அங்கே வந்து இறங்குவது, சேர்ந்து சாப்பிடுவது, கல்வராயன் மலையை ஒரு சுற்று சுற்றிவிட்டுத் திரும்புவது என்று திட்டம். மறியல் நடக்கலாம் என்று பேச்சு இருந்தது. "மறியல் ரோட்டுலதானே, நாம மேல வர்றோம்" என்று சிரித்தார் எங்கள் செயலாளர். எனக்குச் சொந்த ஊர் அதற்குப் பக்கத்திலிருக்கும் திருநாவலூர் என்பதால், விமானப் பெட்ரோலை வேனில் ஏற்றி என்னை முந்தின நாளே அனுப்பிவிட்டார்கள்.

சனிக்கிழமை மாலை இருட்டும்வரை ஓடுபாதையில் புல்லை வெட்டி, இரண்டு ஓரத்திலும் சுண்ணாம்புக் கோடு போட்டேன். வரவேண்டிய ஐந்து விமானங்களில் மூன்று, மேகம் அதிகமாக இருப்பதால் வரவில்லை என்று தந்தி வந்திருந்தது. சென்னையிலிருந்து ஒன்று, பெங்களூரிலிருந்து ஒன்று. அவ்வளவுதான். வேலையை முடித்துவிட்டு, வேனோடு திருநாவலூரில் அத்தை வீட்டுக்குப் போய்ப் படுத்துவிட்டேன்.

காலையில் எழுந்தால் ஊரே அடைத்துக் கிடந்தது. தெருமுனையில் மரம், மெயின் ரோட்டில் மரம். வேன் ஒரு அடி நகர முடியாது. போன் கம்பி அறுந்து, தபாலாபீஸ் போனும் செத்துப்போயிருந்தது. மாமாவின் சைக்கிளை எடுத்துக்கொண்டு வயல் வரப்பு வழியாக மிதித்தேன். ஒன்பது மணிக்கு முதல் விமானம் வரவேண்டும். நான் போய்ச் சேர்ந்தபோது எட்டே முக்கால்.

ஓடுபாதையின் நட்டநடுவில், குறுக்கே ஒரு பெரிய புளியமரம் கிடந்தது. அதன்மேல் பதினைந்து இருபது பேர் உட்கார்ந்திருந்தார்கள்.

சைக்கிளைப் போட்டுவிட்டு ஓடினேன். "யோவ், யார்யா இங்க மரத்தப் போட்டது? ஏரோப்பிளேன் வர்ற நேரம்!"

தோளில் துண்டு போட்ட, நாற்பது வயது மதிக்கத்தக்க ஒருவர் எழுந்தார். "ஐவேஸ் ரோட்ட அடைச்சா லாரிங்க எல்லாம் இது வழியா பூந்து போய்டுது சார். அதான் போட்டோம்."

"இது ரோடா? விமானம் இறங்குற இடம்யா!"

அவர் என்னை உற்றுப் பார்த்தார். "நேத்து சாயங்காலம் சுண்ணாம்பு போட்டுகினு இருந்தவரு நீங்கதானே? நான்தான் வந்து கேட்டேன். நாளைக்கி இங்க எதனா வருமா சார்னு. நீங்க இன்னா சொன்னீங்க?"

ஆமாம், கேட்டார். நான் பேண்ட் போட்டு, கிளப் தொப்பி வைத்திருந்தேன். நிமிர்ந்துகூடப் பார்க்காமல், "உனக்கு எதுக்குய்யா அதெல்லாம்? போய் உன் வேலையப் பாரு" என்று சொல்லியிருந்தேன். அவர் போய் அவர் வேலையைப் பார்த்திருக்கிறார்.

"அண்ணே, தப்புதாண்ணே" என்றேன்.

"இவரு சொல்றத நம்பாதீங்க, அடைப்ப எடுக்க வெக்கறதுக்குக் கத கட்டுறாரு" என்றார் பின்னாலிருந்த ஒருவர். "ஏரோப்பிளேனாம், இங்க வருதாம்!"

அப்போதுதான் வடக்கே ரீங்காரம் போலச் சத்தம் கேட்டது. எல்லோரும் ஒரே நேரத்தில் தலையைத் தூக்கினார்கள். மஞ்சள் இறக்கை ஒன்று வெயிலில் மின்னியது. சென்னை விமானம்.

வெடித்துப்போய், நான் வெட்டிய பிறகும் பிளவுகளில் எல்லாம் பச்சைப் புல் மிஞ்சியிருந்த பாதை அது. அதில் பச்சை மரம் கிடந்தால் மேலிருந்து தெரியாது என்று எனக்குத் தோன்றியது. தொப்பியைச் சுழற்றிக் கத்தினேன். அந்தச் சத்தம் யாருக்குக் கேட்கும்? ஓட்டியவர் நான் வரவேற்கிறேன் என்று நினைத்துவிட்டார். இறக்கையை இரண்டு பக்கமும் ஆட்டிக் காட்டிவிட்டு, இறங்குவதற்காகச் சுற்றித் திரும்ப ஆரம்பித்தார்.

"இன்னா பண்ணணும்னு சொல்லுங்க சார், சீக்கிரம்!" துண்டுக்காரர் என் தோளைப் பிடித்து உலுக்கினார்.

இறங்காதே என்பதற்கு வெள்ளையில் பெரிய பெருக்கல் குறி போடவேண்டும். சுண்ணாம்பில் போட்டால் பிறகு அழிக்க முடியாது. "வெள்ளைத் துணி வேணும்ணே. பெருக்கல் கணக்குக் குறி மாதிரி, பெரிசா."

ஒரு நொடிகூட யோசிக்கவில்லை அவர். இடுப்பு வேட்டியை உருவினார். பட்டாபட்டி டிராயரோடு நின்று, "அவுருங்கடா எல்லாம்!" என்று கத்தினார். கதை கட்டுகிறேன் என்று சொன்னவர்தான் அடுத்து உருவினார். பதினாலு வேட்டி. காற்றில் பறக்காமல் நான்கு மூலையிலும் கல் வைத்துக்கொண்டு ஓடினோம். கடைசிக் கல்லை வைக்கும்போது விமானம் எங்களுக்கு நேராகத் தாழ்ந்து வந்துகொண்டிருந்தது. நான் தரையோடு தரையாகப் படுத்துவிட்டேன். தலைக்கு மேல் சத்தம் ஒரேயடியாக உயர்ந்தது. கண்ணைத் திறந்தேன். அது மேலே ஏறிப் போய்க்கொண்டிருந்தது.

ஆனால் எனக்குப் பயம் தீரவில்லை. பெங்களூர் விமானத்தில் திரும்பிப் போகப் பெட்ரோல் இருக்காது, வேனில் வரும் பெட்ரோலை இங்கே ஊற்றிக்கொள்வதாகத்தான் ஏற்பாடு. கள்ளக்குறிச்சிப் பக்கம் பார்த்தால் கல்வராயன் மலையே தெரியாமல் கருமேகம் மூடிக் கிடந்தது. அதைச் சுற்றிக்கொண்டு வந்தால் இருக்கிற பெட்ரோலும் தீரும்.

விஷயத்தைச் சொன்னேன். இரண்டு கோடாலி இருந்தது. ஆள் மாற்றி ஆள் வெட்டினார்கள். அடிமரத்தில் கயிறு கட்டி எல்லோரும் இழுத்தோம். என் உள்ளங்கை உரிந்து கயிறு ஈரமானது. மஞ்சள் விமானம் மேலே சுற்றிக்கொண்டே இருந்தது. நான் இழுத்தபடியே மேற்கைப் பார்த்தேன். அரைமணி ஆகியிருக்கும். அடிமரம் ஓரத்துக்கு நகர்ந்தது. கிளைகளையும் இழுத்துப் போட்டு, வேட்டிகளைச் சுருட்டிக்கொண்டு ஓரமாக ஓடினோம்.

"தோ, இன்னொண்ணு வருது சார்!"

மேற்கே, மிகத் தாழ்வாக வந்தது. வட்டம் அடிக்கவில்லை, பார்க்கவில்லை, நேராக வந்து தரையைத் தொட்டது. எங்களைத் தாண்டிப் போகும்போதே இன்ஜின் இருமுவது கேட்டது. அதன் பிறகுதான் சென்னை விமானமும் இறங்கியது.

பெங்களூர்க்காரர் அறுபது வயதைத் தாண்டியவர். இறங்கியதும் அளவுக் குச்சியை டேங்கில் விட்டு எடுத்து, என்னிடம் நீட்டினார். நுனி மட்டும் நனைந்திருந்தது. சென்னைக்காரர் ஓடி வந்து என்னைக் கட்டிப் பிடித்துக்கொண்டார். சமயத்தில் மூளையை உபயோகித்தேனாம். "இவங்கதான் சார் வேட்டியக் குடுத்தாங்க, மரத்த எடுத்தாங்க" என்றேன். "மரத்தைப் போட்டது யார்?" என்று கேட்டார்.

துண்டுக்காரர் என்னைப் பார்த்தார். நான் தரையைப் பார்த்தேன்.

"நாங்கதான் சார். தெரியாம போட்டுட்டோம்" என்றார் அவர். முந்தின நாள் சாயங்காலத்தைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை.

ஒவ்வொருவராக வேட்டியை உதறிக் கட்டினார்கள். துண்டுக்காரரிடம் நன்றி சொல்லக் கிட்டே போனேன். "உங்க வேல ஆய்ப்போச்சா சார்? எங்க வேல அப்படியே கெடக்குது" என்றார். எல்லோருமாக அதே அடிமரத்தைக் கயிறு கட்டி ஹைவேஸ் பக்கம் இழுத்துக்கொண்டு போனார்கள்.

மறியல் முடிந்து, பெட்ரோல் வேன் வந்து, விமானங்கள் திரும்பிப் போன பிறகு கிளப்பில் எனக்குக் கிடைத்த பாராட்டை நான் வாங்கிக்கொண்டேன். பல வருஷம் அதைச் சொல்லிப் பெருமைப்பட்டதும் உண்டு. ஒருவர் மரியாதையாகக் கேட்ட கேள்விக்கு நான் ஒழுங்காகப் பதில் சொல்லியிருந்தால் அந்த மரம் அங்கே விழுந்தே இருக்காது என்பதை மட்டும் யாரிடமும் சொன்னதில்லை. அவர் என்னைக் காப்பாற்றியது வேட்டியை உருவிக் கொடுத்தபோது மட்டுமல்ல, மரத்தைப் போட்டது யார் என்ற கேள்விக்குப் பதில் சொன்னபோதும்தான் என்பதை ஒப்புக்கொள்ள எனக்கு இத்தனை காலம் ஆகியிருக்கிறது.