மத்தி விலை விழுந்த அன்று சிதம்பரம் போனோம்

காலை 6.40. கடலூர் பேருந்து நிலையத்துக் கடையில் எட்டு ரூபாய் கொடுத்து ஒரு நாளிதழ் வாங்கி, நின்ற இடத்திலேயே உள்பக்கங்களைப் புரட்டினேன். பொருளியல் எப்போதும் உள்பக்கத்தில்தான் இருக்கும் என்று என் மாணவர்களிடம் சொல்லி வைத்திருக்கிறேன்.

நான் கடலூரில் ஒரு பள்ளியில் பதினோராம் வகுப்புக்குப் பொருளியல் நடத்துகிறேன். அன்றன்றைய செய்தியிலிருந்து பாடத்தைத் தொடங்குவது என் வழக்கம். எங்கள் தலைமையாசிரியருக்கு அது ஆகாது. "பேப்பர் படிக்கறதுக்குத்தான் டீக்கடை இருக்கே டீச்சர்" என்பார். சிதம்பரத்தில் ஒரு தனியார் கல்லூரி, செய்தியை வைத்துப் பாடம் நடத்தும் போட்டி ஒன்றை அறிவித்ததும் அவர் தீர்ப்பு எழுதிவிட்டார். "பரிசோட வந்தா தொடருங்க. இல்லன்னா புக்கு, ஒரு மார்க் கேள்வி, அவ்ளோதான்."

போட்டியின் விதி ஒன்றே ஒன்று: அன்று காலை வந்த செய்தியாக இருக்க வேண்டும். உதவிக்கு இரண்டு மாணவர்களை அழைத்து வரலாம். அபிநயாவும் தமிழரசனும் வந்திருந்தார்கள். அபிநயாவின் அப்பா தாழங்குடாவில் படகு வைத்திருக்கிறார். தமிழரசன் திருவந்திபுரம் பக்கத்து விவசாய வீட்டுப் பையன். சார்ட் பேப்பரைச் சுருட்டித் துப்பாக்கி போலத் தோளில் சாய்த்திருந்தான்.

6.55. பேருந்து புறப்பட்டது. ஆளுக்கு முப்பத்தெட்டு ரூபாய். எட்டாம் பக்கத்தில் எனக்கு வேண்டியது கிடைத்துவிட்டது: 'மீன் வரத்து அதிகரிப்பால் கடலூரில் மத்தி விலை சரிவு.' இதைவிடத் தெளிவான பாடம் உண்டா? சார்ட்டை மடியில் விரித்து, வாங்குபவர்களைக் காட்டும் தேவைக் கோட்டையும் விற்பவர்களைக் காட்டும் அளிப்புக் கோட்டையும் வரைந்தேன். பிறகு அளிப்புக் கோட்டை வலப்புறம் நகர்த்தி வரையும்போது முதுநகர் வேகத்தடை வந்தது. கோட்டின் நடுவில் ஒட்டகத்தின் முதுகு முளைத்தது.

7.10. முதுநகரில் ஒரு மீன்கார அம்மா கூடையுடன் ஏறினார். கூடையைப் பின்னால் வைக்கச் சொல்லிவிட்டு நடத்துநர் அவருக்கு என் பக்கத்து இருக்கையைக் காட்டினார். அவர் சார்ட்டை எட்டிப் பார்த்தார்.

"என்னா டீச்சரம்மா, மேப்பா?"

"மீன் வெலைம்மா. வரத்து ஜாஸ்தியானதால மத்தி வெல கொறஞ்சிருச்சுன்னு பேப்பர்ல போட்டுருக்காங்க. அதத்தான் படமா போடறேன்."

அவர் என்னை இரக்கத்தோடு பார்த்தார்.

"ஆடி மாசமும் இதே மாதிரிதான் மீனு வந்துச்சு. அப்ப கொறைஞ்சுதா? இது பொரட்டாசிம்மா. ஊர் முழுக்க நாமத்தப் போட்டுகிட்டா மத்திய யாரு திங்கிறது?"

"எங்க வீட்ல ரெண்டு வாரமா சாம்பார்தான்" என்றார் நடத்துநர். பின் இருக்கையிலிருந்து ஒருவர், "எங்க வீட்ல மோர்க்கொழம்பு" என்று தன் துயரத்தையும் பதிவு செய்தார்.

நான் அபிநயாவைப் பார்த்தேன். அவள் ஜன்னலைப் பார்த்தாள்.

"ஒனக்குத் தெரியுமா இது?"

"தெரியும் மிஸ். வரத்து கொஞ்சம் ஜாஸ்திதான். ஆனா வாங்கறவங்க ரொம்பக் கொறைஞ்சிட்டாங்க. அப்பா தெனமும் பொலம்பறாரு."

"அப்பவே சொல்லக் கூடாதா?"

"நீங்க கோடு போட்டுகிட்டிருந்தீங்க மிஸ்."

அந்த அம்மா ஆலப்பாக்கத்தில் இறங்கும்வரை நான் நாளிதழைப் பலமுறை படித்தேன். புரட்டாசி என்ற சொல் அதில் எங்கும் இல்லை. அச்சில் வந்ததை விட்டுவிட்டுப் பேருந்தில் கேட்டதை நடத்தினால் நடுவர்கள் என்ன சொல்வார்கள் என்ற பயம் ஒரு பக்கம். இருபது வருடம் தேவையையும் அளிப்பையும் நடத்தியவளுக்குப் புரட்டாசி தோன்றவில்லையே என்ற வெட்கம் இன்னொரு பக்கம். நானும் அந்த மாதம் மீன் வாங்கவில்லை என்பது புதுச்சத்திரம் தாண்டித்தான் உறைத்தது.

8.20. வெள்ளாற்றுப் பாலத்தைக் கடந்து சிதம்பரம். கீழவீதி அருகே ஒரு சிறிய ஓட்டலில் இட்லியும் கத்தரிக்காய் கொத்சுவும், தட்டு நாற்பது ரூபாய். தமிழரசன் மூன்றாவது தட்டில் இருந்தபோது நான் சிவப்புப் பேனாவை அபிநயாவிடம் நீட்டினேன்.

"தேவைக் கோட்ட நீயே நகர்த்து."

அவள் கை கழுவிவிட்டு வந்து, யோசிக்காமல் ஒரே இழுப்பில் இடப்புறமாக வரைந்தாள். என் கோட்டைவிட நேராக இருந்தது.

10.30. கல்லூரிக் கூடத்தில் நாற்பது மாணவர்கள், மூன்று நடுவர்கள். எங்களுக்கு முன்னால் பேசியவர் தங்கம் விலையை எடுத்து, கூடத்தில் பாதிப் பேரைக் கைபேசியில் அன்றைய விலை பார்க்க வைத்துவிட்டார். நான் செய்தியை வாசித்தேன். பிறகு, "இதுல ஒரு பாதிதான் உண்மை. மீதி இவ சொல்லுவா" என்றேன். அபிநயா பேசப் பேச, முன்வரிசையில் ஒருவன் கை தூக்கினான்.

"மிஸ், நடுவுல மேடா இருக்கே, அது எந்தத் தத்துவம்?"

"அது முதுநகர் ஸ்பீட் பிரேக்கர்" என்றான் தமிழரசன். கூடம் சிரித்தது. ஓய்வுபெற்ற பேராசிரியரான ஒரு நடுவர் மட்டும் சிரிக்கவில்லை.

"வெல கொறையும், சரி. விக்கிற அளவு கூடுமா, கொறையுமா?" என்று அபிநயாவைக் கேட்டார்.

"சொல்ல முடியாது சார்."

"தெரியலையா?"

"தெரியும் சார். சொல்ல முடியாதுன்றதுதான் பதில். வரத்து எவ்ளோ ஏறுது, வாங்கறவங்க எவ்ளோ கொறையறாங்க, எது பெருசோ அதப் பொறுத்தது. எங்க தொறையில இந்த வாரம் அளவும் கொறஞ்சிருக்கு."

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அந்த விடையை நான் வகுப்பில் இன்னும் நடத்தவே இல்லை.

3.45. முதல் பரிசு தங்கத்துக்குப் போனது. மத்திக்கு இரண்டாம் பரிசு.

4.30. கடலூர்ப் பேருந்தில் ஏறி உட்கார்ந்ததும் தலைமையாசிரியரைக் கூப்பிட்டேன். முழுவதையும் கேட்டுவிட்டு, "ரெண்டாவதும் பரிசுதான். நாளைக்குப் பேப்பர் எடுத்துட்டு வாங்க" என்றார். பிறகு குரலைத் தாழ்த்தினார். "அந்தப் பொண்ணுகிட்ட ஒண்ணு கேளுங்களேன். பொரட்டாசி முடிஞ்சதும் எங்க வீட்ல மீன் வாங்கணும். அப்பவும் இதே வெலைக்குக் கெடைக்குமா?"

கேட்டேன். அபிநயா சிரித்தாள். "கெடைக்காது மிஸ். சார் மாதிரி எல்லாரும் அன்னிக்குத்தான வருவாங்க."

அதை அப்படியே சொல்லாமல், விலை ஏறக்கூடும் என்று மட்டும் சொல்லி வைத்துவிட்டேன். பேருந்து வெள்ளாற்றைத் தாண்டியது. ஒரு செய்தியின் மீதிப் பாதியைக் கேட்க எனக்கு ஒரு பேருந்துப் பயணமும் ஒரு மீன் கூடையும் தேவைப்பட்டிருக்கின்றன. அதைத் தெரிந்து வைத்திருந்தவள் ஜூன் மாதத்திலிருந்து என் வகுப்பில் மூன்றாவது பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறாள். நான்தான் கேட்கவில்லை.