அம்மா குறி பார்த்த வருடம்

அம்மாவுக்குத் துவக்குச் சத்தம் ஆகாது. பொலிஸில் வேலை பார்க்கிறவருக்கு இது சின்னக் குறையில்லை.

மடுல்கெல்லப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றிலிருந்து பொலிஸில் சேர்ந்தவர் அவர். தமிழ் தெரிந்தவர் என்பதால் முறைப்பாட்டு மேசையில் உட்கார்ந்து சனங்கள் சொல்வதை எழுதிக்கொண்டே இருப்பார். பிஸ்டலைத் தொடுவது எப்போதாவது வரும் சுடும் பரீட்சையில் மட்டும். நான் ஐந்தாம் வகுப்பில் இருந்தபோது, புதிதாக வந்த சார்ஜன்ட் ஒருவர் அம்மா சுடுவதைப் பக்கத்தில் நின்று பார்த்தாராம். விசையை இழுக்கும் நொடியில், வரப்போகிற சத்தத்துக்குப் பயந்து அம்மாவின் கண் மூடிக்கொண்டது. கை தாழ்ந்தது. குண்டு மண்மேட்டில் போய்ப் புதைந்தது. துவக்கில் ஒரு பிழையும் இல்லை, அது வெடிக்கும் முன்பே நீங்கள் வெடித்துவிடுகிறீர்கள் என்று சொல்லி, பழகும் விதத்தையும் கற்றுக்கொடுத்து அனுப்பினார். அடுத்த பரீட்சைக்கு மூன்று மாதம் இருந்தது.

பொலிஸ் பிஸ்டலை வீட்டுக்குக் கொண்டுவர முடியாது. ஆட்டோ ஓட்டும் அப்பா கண்டிச் சந்தைக்கு வெளியே நடைபாதையில் ஒரு தண்ணீர்த் துப்பாக்கி வாங்கி வந்தார். நல்ல கிளிப்பச்சை.

"இத நீட்டினா கள்ளன் சிரிச்சே செத்துருவான்" என்றார் அம்மா.

பாரம் போதாது என்று அப்பா அதற்குள் மணலை நிரப்பினார். உள்ளே தண்ணீர் மிச்சமிருந்தது போலும். முதல் தடவை இழுத்ததுமே அம்மாவின் சீருடைப் பாவாடையில் சேறு வடிந்தது. மணலை வெயிலில் காயவைத்து மறுபடி நிரப்பி, துவாரத்தை மெழுகால் அடைத்த பிறகுதான் பயிற்சி ஒழுங்காகத் தொடங்கியது.

சமையலறைக் கதவில் ஒட்டிய ஸ்டிக்கர் பொட்டுதான் குறி. அம்மா தள்ளி நின்று இரண்டு கையாலும் துப்பாக்கியைப் பிடிப்பார். நான் அதன் முதுகில் ஒரு சட்டைப் பொத்தானை வைப்பேன். அது விழாமல் விசையை மெல்ல, மெல்ல இழுக்க வேண்டும். முதல் வாரம் முழுக்க நாங்கள் மூவரும் தவழ்ந்து தவழ்ந்து பொத்தான் தேடினோம்.

சத்தத்துக்குப் பொறுப்பு நான். இரண்டு சட்டி மூடிகளோடு அம்மாவின் முதுகுக்குப் பின்னால் நிற்பேன். விசையை இழுக்கும்போது சில தடவை மூடிகளை மோத வேண்டும், சில தடவை சும்மா இருக்க வேண்டும். எப்போது சத்தம் வரும் என்று தெரியாவிட்டால் முன்கூட்டியே பயப்பட முடியாது, கை பழகிவிடும் என்பது சார்ஜன்டின் யோசனை.

பெரியவர்களைத் திடுக்கிட வைக்க அனுமதி கிடைத்த பிள்ளை சும்மா இருக்குமா? அம்மா பல் துலக்கும்போதும் தட்டினேன். தலை வாரும்போதும் தட்டினேன். அப்பா தேத்தண்ணி குடிக்கும்போது தட்டியதில் அவர் சட்டையெல்லாம் தேத்தண்ணி.

"பரீட்ச ஒங்கம்மாவுக்குடி, எனக்கில்ல!"

பிலிமத்தலாவையில் ஒரு ஹார்ட்வெயார் கடையின் மேல்மாடியில் குடியிருந்தோம். நாலாம் நாள் கடைக்கார நானா படியேறி வந்து வாசலில் தயங்கி நின்றார்.

"என்ன தங்கச்சி, பிள்ளைக்குப் பேய்கீய் ஓட்ட ஏதும் பார்வை பாக்கிறீங்களா?"

அம்மா கையில் துப்பாக்கியோடு திரும்பினார். நானா மூன்று படி கீழே போய்விட்டார். விஷயத்தைச் சொல்லி அவரை மேலே வரவழைக்க அப்பாவுக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது. கேட்டு முடித்ததும் நானா, "சட்டி மூடிச் சத்தமெல்லாம் காணாது" என்று இறங்கிப் போய், கடையிலிருந்து ஒரு துண்டுத் தகரமும் சுத்தியலும் கொண்டுவந்து என் கையில் கொடுத்தார். அப்பா அவரைப் பார்த்த பார்வையை நான் மறக்கமாட்டேன்.

இரண்டாம் மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, அம்மா குறி பார்த்துக்கொண்டிருந்தபோது பருப்பு வெந்த குக்கரின் வெயிட் பறந்து கூரையில் போய் அடித்தது. அப்பா மேசைக்குக் கீழே பாய்ந்தார். நான் அப்பாவுக்குக் கீழே. அம்மா நீட்டிய கை நீட்டியபடியே நடந்துபோய், மற்றக் கையால் அடுப்பை அணைத்துவிட்டு வந்தார். பொத்தான் விழவில்லை என்று அப்பா இன்றைக்கும் சத்தியம் செய்வார்.

ஆகவே பரீட்சை நாளில் எங்களுக்குச் சந்தேகமே இல்லை. அப்பா ரிப்பன் கேக் வாங்கி வைத்திருந்தார். பின்னேரம் அம்மா வந்து தொப்பியைக் கழற்றி வைத்தார்.

"போச்சு."

அவ்வளவுதான் சொன்னார். பிறகு கேக்கில் பெரிய துண்டாகப் பார்த்து எடுத்துச் சாப்பிட்டார்.

பிழை என்னுடையது என்று நினைத்தேன். கடைசி இரண்டு வாரம் எனக்குத் தட்டுவது அலுத்துப்போயிருந்தது. கார்ட்டூன் பார்த்துக்கொண்டே, இரண்டு தட்டு, ஒரு சும்மா, இரண்டு தட்டு, ஒரு சும்மா என்று ஒரே கணக்கில் தட்டிக்கொண்டிருந்தேன். அதை அழுதுகொண்டே சொன்னேன்.

"நீ டீவி பாத்துக்கிட்டு தட்டினது எனக்குத் தெரியாதா?" என்று அம்மா என் மூக்கைத் துடைத்துவிட்டார். "நீ நல்லாத்தான் தட்டினடி. அழாத."

அப்பாவுக்குத் திடீரென்று ஆட்டோ கழுவும் ஞாபகம் வந்து கீழே இறங்கிப் போனார். என்னைத் தேற்றுவதற்காக அம்மா பொய் சொல்கிறார் என்று முடிவு செய்தேன். வெகுகாலம் அப்படித்தான் நம்பியிருந்தேன்.

போன வருடம் தெல்தெனியவில் ஒரு கல்யாண வீட்டில், ஓய்வு பெற்றுவிட்ட அந்த சார்ஜன்டைக் கண்டேன். இன்னாருடைய மகள் என்றதும் சிங்களத்தில் உற்சாகமாகச் சொன்னார். அன்று பத்துக் குண்டு. முதல் ஐந்தும் ஒரு உள்ளங்கையால் மறைத்துவிடக்கூடிய இடத்தில் விழுந்திருந்தன. இடைவேளையில் மேலதிகாரி ஒருவர் வந்து, தேறுகிறவர்கள் அடுத்த மாதம் முதல் இரண்டு வருடம் கொழும்பில் காவல் கடமைக்குப் போக வேண்டும் என்று அறிவித்தார். அதற்குப் பிறகு அம்மா சுட்ட ஐந்தில் ஒன்றுகூடத் தாளில் படவில்லை.

"கண்ணை மூடினாரா?" என்று கேட்டேன்.

இல்லவே இல்லை, நன்றாகத் திறந்துதான் இருந்தது என்று அவர் வயிறு குலுங்கச் சிரித்தார்.

நான் ஐந்தாம் வகுப்பில் இருந்த அந்த வருடக் கடைசியில் என் புலமைப்பரிசில் பரீட்சையின் முடிவு வந்தது. அம்மா கடமை முடிந்து வந்து, மாதக்கணக்காகப் பக்கத்தில் உட்கார்ந்து கேள்வி கேட்டுப் படிக்கவைத்த பரீட்சை. தேறுவதற்கான வெட்டுப்புள்ளிக்குக் கிட்டவும் நான் போகவில்லை. அம்மா ஏசினார். நான் இடுப்பில் கையை வைத்துக்கொண்டு, "நீங்களுந்தானே ஃபெயிலானீங்க? நான் ஏசினேனா?" என்று கேட்டேன்.

அம்மா ஏதோ சொல்ல வாயைத் திறந்தார். பிறகு அப்பாவைப் பார்த்தார். அப்பா அவசரமாகப் பேப்பரைத் தூக்கி முகத்தை மறைத்துக்கொண்டார். பேப்பர் குலுங்கியது. அம்மா வாயை மூடிக்கொண்டார்.

பேச்சில் அம்மாவை ஜெயித்துவிட்டேன் என்ற பெருமையோடு நான் விளையாடப் போனேன்.