அத்தானுக்கு உட்காரத் தெரியாது

என் அக்காவின் கணவர் லிஃப்ட் மெக்கானிக். முப்பத்தொரு வருடங்களாக உயரமான கட்டடங்களில் ஏறி இறங்கிக்கொண்டிருக்கிறார். நான் அத்தான் என்று கூப்பிட்டுக் கூப்பிட்டு, எங்கள் கட்டடத்தில் பாதிப் பேருக்கு அவர் அத்தான் ஆகிவிட்டார். அவர்களில் சிலர் அவரைவிட மூத்தவர்கள். அக்காவும் அவரும் மூன்றாவது மாடி, நான் நான்காவது. எங்கள் கட்டடத்தில் லிஃப்ட் கிடையாது. இதைச் சொல்லி அவரைக் கேலி செய்யாத ஆளும் கிடையாது.

அவர்கள் வீட்டில் மூன்று நாய்கள் இருந்தன. ஒன்றன்பின் ஒன்றாக, மொத்தம் இருபத்திரண்டு வருடங்கள். கடைசி நாய் செத்து எட்டு மாதம் ஆகிறது. அதற்குப் பிறகு அத்தான் உட்கார்ந்து நான் பார்க்கவில்லை.

முன்பும் அவர் காலில் சக்கரம் கட்டியவர்தான். ஆனால் நாய் இருந்தவரை அந்தச் சக்கரத்துக்கு ஒரு வழி இருந்தது: காலையில் ஒரு சுற்று, சாயங்காலம் ஒரு சுற்று. இப்போது வழி போய்விட்டது, சக்கரம் மட்டும் சுற்றுகிறது. ஞாயிற்றுக்கிழமை வந்தால் எல்லாக் கதவுகளின் கீல்களையும் கழற்றி எண்ணெய் போட்டு மாட்டுவார். அடுத்த ஞாயிறும் அதே கதவுகள். மாடிப்படிக் கைப்பிடியில் ஆடிய ஒரு திருகை முடுக்கப் போய், ஆடாத நாற்பதையும் முடுக்கிவிட்டு வந்தார். சாப்பாடு நின்றபடியே. அக்கா வீட்டிலேயே திரைச்சீலை தைத்துக் கொடுக்கிறவள். தரை முழுக்கத் துணி விரித்திருப்பாள். அதைத் தாண்டித் தாண்டி அவர் சமையலறைக்கும் வாசலுக்குமாக நடப்பார்.

"ஒரு இடத்துல இருங்களேன். தலை சுத்துது எனக்கு."

"இதோ," என்பார். அந்த இதோவுக்கு இன்றுவரை முடிவு வரவில்லை.

நாய்களைப் பற்றிப் பேசுவதை மட்டும் அவர் விடவில்லை. முதல் நாயின் பெயர் குழி. லிஃப்ட் ஓடும் கூண்டுக்கு அடியில், ஆள் இறங்கிச் சுத்தம் செய்ய ஒரு பள்ளம் இருக்கும். புதுக் கட்டடம் ஒன்றில் அந்தப் பள்ளத்தில் முழங்கால் அளவு மழைத்தண்ணீர். நடுவில் நிற்கும் பெரிய ஸ்பிரிங்கின் மேல் ஒரு நாய்க்குட்டி, நாலு காலையும் ஒன்றாகச் சேர்த்துக்கொண்டு நின்றிருந்தது. ஸ்பானர் பையில் போட்டு வீட்டுக்குக் கொண்டுவந்துவிட்டார். "பையில என்ன முனகுது?" என்றாள் அக்கா. அவளுக்கு அப்போது நாய் என்றால் ஆகாது. "ரெண்டே நாள்தான்," என்றார். அந்த இரண்டு நாள் பதினோரு வருடமாயிற்று.

இரண்டாவது நாயின் பெயர் வாத்தியார். ஒரு அலுவலகம் இடம் மாறிப் போனபோது மேசை, நாற்காலி, மின்விசிறி எல்லாவற்றையும் ஏற்றிக்கொண்டு போனவர்கள், வண்டி நிறுத்தும் அடித்தளத்தில் அவனை விட்டுவிட்டுப் போனார்கள். வரும்போதே கிழவன். வெள்ளைத் தாடி. யாராவது சத்தமாகப் பேசினால் பேச்சு நிற்கும்வரை முறைத்துப் பார்ப்பான். நான் கைபேசியில் குரலைத் தாழ்த்திப் பேசப் பழகியது அவனால்தான்.

மூன்றாவது பொட்டலம். சிமெண்ட் சாக்கில் போட்டு, சாக்கின் வாயைக் கட்டி வீசியிருந்தார்கள். பின்னங்கால் உடைந்திருந்தது. கால் கூடியும் கோணலாகவே நின்றது. ஓடினால் ஒரு பக்கமாகப் போவான், கதவை விட்டுவிட்டுச் சுவரில் போய் இடிப்பான்.

இந்தக் கதைகளை அத்தான் டீக்கடையிலும் சொல்வார், லிஃப்ட் மெஷின் அறையிலும் சொல்வார், யார் வீட்டுக் குழாயை முடுக்கப் போனாலும் சொல்வார். எல்லாமே நாய் வந்த கதை. அவர் வாயில் நாய்கள் வந்துகொண்டே இருக்கும். ஒன்றுகூடப் போகாது.

காரணம் எனக்குத் தெரியும். மூன்று நாய்கள் செத்தபோதும் அவர் பக்கத்தில் இல்லை.

குழி செத்தபோது இல்லாமல் போனது அவர் குற்றமில்லை. அக்கா போன் செய்தபோது லிஃப்ட் கூண்டுக்குள் தொங்கிக்கொண்டிருந்தார், மணி அடித்ததே தெரியவில்லை. வாத்தியாருக்குச் சிறுநீரகம் போய்விட்டது. நாலு மணிக்கு கால்நடை மருத்துவமனையில், வலியில்லாமல் போய்ச் சேர ஊசி போடுவதாக முடிவாகி, மூன்றரைக்கு வருகிறேன் என்றவர் வரவில்லை. எங்கேயோ லிஃப்டில் ஐந்து பேர் மாட்டிக்கொண்டார்கள் என்றார். மாட்டிக்கொண்டது உண்மை. ஆனால் அன்றைக்கு முறை அவருடையது இல்லை, இன்னொரு மெக்கானிக்குடையது. நான் மருந்துக்கடையில் வேலை செய்கிறேன். அந்த மெக்கானிக்கின் மனைவி இருமல் மருந்து வாங்க வந்தவள், "உங்க அத்தான் அன்னைக்கு நானே போறேன்னு கேட்டு வாங்கிக்கிட்டுப் போனாராமே," என்றாள். நான் அக்காவிடம் மூச்சுக் காட்டவில்லை.

பொட்டலத்தின் கடைசி நாளில், அதே ஊசியைப் போட கால்நடை மருத்துவமனை டாக்டரம்மா வீட்டுக்கே வந்தார். "பஞ்சு வாங்கிட்டு வந்துடறேன்," என்று இறங்கிய அத்தான் நேராக என் கடைக்கு வந்தார். பஞ்சை வாங்கினார். பிறகு வைட்டமின் புட்டிகளை ஒவ்வொன்றாக எடுத்து, பின்னால் எழுதியிருப்பதைப் படித்துக்கொண்டு நின்றார்.

"அத்தான், போங்க."

"இதோ."

முக்கால் மணி நேரம் நின்றார். பிறகு கிளம்பி, பேருந்து நிலையத்தை இரண்டு தடவை சுற்றிவிட்டு வீட்டுக்குப் போனார். எல்லாம் முடிந்திருந்தது. தூங்குவது போலப் போய்விட்டான் என்று அக்கா சொன்னாள். அவளுடைய இடது கையில் ஒரு கட்டு இருந்தது. இஸ்திரிப் பெட்டி பட்டுவிட்டது என்றாள்.

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில், முதல் மாடி ஓய்வுபெற்ற தபால்காரர் அவர்கள் வீட்டுக்கு வந்திருந்தார். நானும் இருந்தேன். அத்தான் ஒரு கையில் டீயோடு நடந்துகொண்டே, பொட்டலத்தைச் சாக்கில் கட்டி வீசியிருந்த கதையைச் சொன்னார். கேட்டு முடித்த தபால்காரர் சாதாரணமாகத்தான் கேட்டார்: "கடைசியில ரொம்பக் கஷ்டப்பட்டானோ?"

"இல்லை சார். தூங்கற மாதிரி போயிட்டான்."

அக்காவின் தையல் மெஷின் நின்றது.

"யார் சொன்னா?"

"நீதானே சொன்னே."

அவள் எழுந்து வந்து இடது கையை நீட்டினாள். கட்டைவிரலுக்குக் கீழே நாலு புள்ளிகள், வெளுத்துப் போய். "நல்லாப் பாருங்க. இஸ்திரிப் பெட்டிக்குப் பல்லு இருக்கா?"

தபால்காரர் டீயைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்தார். வந்த இடத்தில் இப்படி மாட்டுவோம் என்று அவர் எதிர்பார்த்திருக்கமாட்டார். கதவு சாத்தும்வரை காத்திருந்துவிட்டு அக்கா பேசினாள். குரலை உயர்த்தவே இல்லை.

"வலி தாங்காம கடிச்சான். என்னைக் கடிக்கணும்னு கடிக்கல. கடிச்சதும் அவனே பயந்துபோய் கட்டிலுக்கு அடியில பூந்துட்டான். நான் படுத்து இழுத்தேன். டாக்டரம்மா ஒரு பக்கம் பிடிச்சாங்க. உங்களைத் தேடினானான்னு கேக்காதீங்க, எனக்குத் தெரியாது. நான் உங்களைத் தேடினேன். அது தெரியும்."

அத்தான் கதவின் பிடியைப் பிடித்துக்கொண்டு நின்றார். அவர் போய்விடுவார் என்று நான் நினைத்தேன். போகவில்லை.

"வாத்தியார் அன்னைக்கும்..." என்று ஆரம்பித்தார். "அன்னைக்கு என் முறை இல்லை."

"தெரியும்."

"எப்படித் தெரியும்?"

"அந்த மெக்கானிக் பெண்டாட்டி என்கிட்டதான் திரைச்சீலை தைக்கக் குடுக்கிறவ."

நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். ஏழு வருடமாக நான் பூட்டி வைத்திருந்த ரகசியம் அவளிடம் எனக்கு முன்பே இருந்திருக்கிறது.

அப்புறம்தான் அவர் இறங்கிப் போனார். செருப்பு மாட்டக்கூட நிற்கவில்லை. மத்தியானம் ஆயிற்று, வரவில்லை. அக்கா மெஷினில் ஒரே தையலை மூன்று தடவை பிரித்துப் போட்டாள். நான் கைபேசியில் கூப்பிட்டேன். அது கட்டிலின் மேல் அடித்தது.

அவர் போனது டாக்டரம்மாவிடம். ஞாயிறானதால் மருத்துவமனை மூடியிருந்தது. பின்புறம் இருக்கிற அவர் வீட்டுக் கதவைத் தட்டி, வெறுங்காலோடு நின்றுகொண்டு, "அன்னைக்கு என்ன நடந்தது, சொல்லுங்க," என்று கேட்டிருக்கிறார். டாக்டரம்மா பூசி மெழுகாத ஆள். சொல்லிவிட்டார். ஒரு ஆள் தலையைப் பிடிக்க வேண்டும், இன்னொரு ஆள் பின்பக்கம் பிடிக்க வேண்டும், அப்போதுதான் மூன்றாவது ஆள் நிதானமாக ஊசி போட முடியும். அன்றைக்கு இருந்தது இரண்டே பேர். முதல் ஊசி தவறிவிட்டது. இரண்டாவது போட இருபது நிமிஷம் ஆயிற்று.

இதை அவரே வந்து அக்காவிடம் சொன்னார்.

"நான் சொன்னா நம்பமாட்டீங்களோ?"

"நம்பினேன். அதான் போனேன்."

அன்று இரவும் மறுநாளும் பழையபடியே போயிற்று. அவர் நடந்தார், அவள் தைத்தாள். மேல்மாடியில் எனக்கு இரண்டு சத்தமும் கேட்டது.

டாக்டரம்மாவிடம் அவர் ஒன்று கேட்டுவிட்டு வந்திருக்கிறார் என்பது பிறகுதான் தெரிந்தது. ஆள் தேவைப்பட்டால் என்னைக் கூப்பிடுங்கள், தலையைப் பிடிக்கிறேன் என்று. பத்து நாளில் அழைப்பு வந்தது. ஒரு டாக்ஸிக்காரருடைய நாய், பதினாலு வயது. டாக்ஸிக்காரர் வண்டியைவிட்டு இறங்கமாட்டேன் என்று ஸ்டீயரிங்கைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாராம். அத்தான் ஜன்னலில் குனிந்து, "உள்ள வாங்க. நான் மூணு தடவை வெளியிலதான் நின்னேன். நல்லா இல்லை," என்றிருக்கிறார்.

"நீங்க யாருங்க?" என்று கேட்டிருக்கிறார் அவர்.

அத்தான் ஜன்னலை விட்டு நிமிர்ந்தார். தனியாக உள்ளே போனார். நாயின் தலையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். கால் மட்டும் நடுங்கி, மேசையே ஆடியிருக்கிறது. "சார், காலை ஆட்டாதீங்க," என்று டாக்டரம்மா இரண்டு தடவை சொல்லிப் பார்த்துவிட்டு, நாயைத் தரைக்கு மாற்றச் சொன்னார். அத்தான் தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, தலையை மடியில் வைத்துக்கொண்டார். முடிந்த பிறகும் சற்று நேரம் எழுந்திருக்கவில்லை என்று டாக்டரம்மா என் கடைக்கு வந்தபோது சொன்னார். வெளியே வந்தவரிடம் டாக்ஸிக்காரர் எப்படிப் போயிற்று என்று கேட்டாராம். அத்தான் ஒன்றையும் விடாமல் சொன்னார். கேட்டுக்கொண்டு டாக்ஸிக்காரர் அவரை வீடுவரை கொண்டுவந்து விட்டுவிட்டுப் போனார்.

அதன்பின் இன்னும் இரண்டு தடவை போய்வந்துவிட்டார். அக்காவுக்கு இதில் பெரிய மகிழ்ச்சி ஒன்றும் இல்லை. "ஊர் நாய்க்கெல்லாம் தலையைப் பிடிங்க," என்றாள் ஒரு நாள். சொல்லிவிட்டு, போகும்போது மாட்டிக்கொள்ளத் தடித்த துணியில் ஒரு ஜோடி கையுறை தைத்துக் கொடுத்தாள்.

வீட்டில் அவர் இன்னும் நடக்கத்தான் செய்கிறார். கீல்கள் வழவழவென்று இருக்கின்றன. போன வெள்ளிக்கிழமை நான் போயிருந்தபோது, யாரும் கேட்காமலேயே, பொட்டலம் போன கதையைச் சொல்ல ஆரம்பித்தார். தான் பார்க்காததைப் பார்த்தவர் போல, சமையலறைக்கும் வாசலுக்கும் நடந்துகொண்டே சொன்னார்.

"டாக்டரம்மா வரும்போது அவன் பாயில படுத்திருந்தான்..."

"பாய் இல்லை," என்றாள் அக்கா, ஊசியில் நூல் கோத்தபடி. "நீலத் திரைச்சீலை. அவனே இழுத்துப் போட்டுக்கிட்டது."

"சரி, நீலத் திரைச்சீலை. அதுல படுத்திருந்தான். அப்புறம்?"

அக்கா நூலைப் பல்லால் கடித்து அறுத்தாள். பிறகு சொல்ல ஆரம்பித்தாள்.