கிணற்றுக் களிமண்ணில் ஒரு இலை

குண்டடம் பக்கம் எங்கள் தோட்டத்தில் கிணறு வெட்டியபோது, செம்மண்ணுக்குக் கீழே சாம்பல் நிறக் களிமண் வந்தது. ஒரு கட்டியைப் பிளந்தால் உள்ளே கறுப்பாக ஒரு இலை, நரம்பெல்லாம் தெளிவாக. கூடவே பொடிப்பொடியாக நத்தை ஓடுகள். ஒரு காலத்தில் இங்கே ஏரி இருந்திருக்கும் என்றேன். என் வீட்டுக்காரர் விழுந்து விழுந்து சிரித்தார்.

"குடிக்கவே லாரித் தண்ணி. இந்தக் காட்டுல ஏரியாமா? வெளிய சொல்லிப்போடாத, சிரிப்பாங்க."

எனக்குச் சுருக்கென்றது. பனியன் கம்பெனியில் செக்கிங் பார்க்கிறவள் நான். துணியில் ஊசிமுனை ஓட்டையைக்கூட விட மாட்டேன். கண்ணால் பார்த்ததை இல்லை என்றால் விடுவேனா? கோவையில் ஒரு கல்லூரியில் நிலவியல் நடத்தும் ஆசிரியரை விசாரித்துப் பிடித்துப் போன் செய்தேன். இலையை முழுசாகக் கொண்டுவந்தால் பார்த்துச் சொல்கிறேன் என்றார்.

பஸ் கூட்டத்தில் நசுங்காமல் போகவேண்டுமே என்று, பேக்கிங்கில் இருக்கும் தோழியிடம் கட்டியைக் கொடுத்தேன். திருநெல்வேலிக்காரி, வேலையில் குறையே சொல்ல முடியாது. ஷிப்மென்ட் போகிற பனியன் மாதிரியே அட்டைப்பெட்டியில் வைத்து ஒட்டித் தந்தாள். எனக்கு லீவு கிடைக்க ஒரு வாரம் ஆனது. கோவையில் ஆசிரியர் பெட்டியைத் திறந்தால், கட்டியைச் சுற்றிக் கை நிறைய சிலிக்கா ஜெல் பொட்டலங்கள். ஈரத்தையெல்லாம் அவை உறிஞ்சிவிட்டன. களிமண் வெடித்து, இலை கருந்தூளாக உதிர்ந்து கிடந்தது. காயவே விடக்கூடாது என்றார் ஆசிரியர். எனக்கு அழுகையே வந்துவிட்டது.

"ஈரம் இருந்தா கறை புடிச்சிரும்லாக்கா, அதான் நெறைய போட்டேன்" என்றாள் தோழி, திரும்பி வந்து நான் சொன்னதும் முகம் வாடி. அவளை என்ன சொல்ல? எந்தப் பெட்டியானாலும் அதைப் போட்டு மூடியே பழகிய கை.

இதற்குள் கிணற்றின் உள்ளே சுற்றுச்சுவர் கட்ட ஆள் வந்தாயிற்று. கட்டிவிட்டால் களிமண் மறைந்துவிடும். ஒரு நாள் பொறுத்தே ஆகவேண்டும் என்று ஒற்றைக்காலில் நின்றேன். நானே கயிற்றைப் பிடித்து இறங்கினேன். பிளந்ததெல்லாம் வெறுங்கட்டி. பொழுது சாயும்போதுதான் ஒன்றில் முழு இலை கிடைத்தது.

மறுநாள் காலை அதை ஈரத் துணியில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டு பஸ் ஏறினேன். சித்திரை வெயில். துணி காயக்காயக் குடிக்கிற தண்ணீரைத் தெளித்துக்கொண்டே போனேன். பல்லடம் தாண்டுவதற்குள் பாட்டில் காலி. நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்ளக் கல்லூரிக்குப் போய்ச் சேர்ந்தேன்.

"முதல்ல தண்ணி குடிங்கம்மா" என்று ஆசிரியர் டம்ளரை நீட்டினார். வாங்கித் துணிமேல் ஊற்றினேன். அவர் என்னை ஒரு மாதிரி பார்த்துவிட்டுத் துணியைப் பிரித்தார். லென்ஸை வைத்து வெகுநேரம் குனிந்திருந்தார்.

"நிக்கற தண்ணியில வளர்ற செடிங்க இது. நத்தையும் அப்படித்தான். ஏரியேதானுங்க."

வீட்டுக்காரருக்குப் போன் போட்டு, அதை ஆசிரியர் வாயாலேயே சொல்லச் சொன்னேன். அதற்கப்புறம்தான் எனக்குக் குடிக்கத் தண்ணீர் கேட்டேன்.