ஆணி அடிக்கக் கூடாத வீடு

வேதாசலத்தால் கையைக் கட்டிக்கொண்டு உட்கார முடியாது. ஒரகடத்துக்கும் சிங்கப்பெருமாள் கோவிலுக்கும் நடுவில் இருந்த அவன் ஊரில் இது எல்லாருக்கும் தெரியும். மறைமலை நகரில் ஒரு கம்பெனியில் பிரஸ் ஷாப் வேலை அவனுக்கு. எட்டு மணி நேரம் இரும்புத் தகட்டோடு மல்லுக்கட்டிவிட்டு, ரயில்வே கேட் திறக்கக் காத்துக் கிடந்து, மீதித் தூரத்தை சைக்கிளில் மிதித்து வீடு வந்து சேர்கிற மனிதன் என்ன செய்வான்? காலை நீட்டிப் படுப்பான். இவன் டீயைக் குடித்து முடிப்பதற்குள் எது ஆடுகிறது, எது ஒழுகுகிறது என்று கண்ணாலேயே வீட்டை ஒரு சுற்றுச் சுற்றிவிடுவான். கால் ஆடுகிற ஸ்டூல் ஒன்று கிடைத்துவிட்டால் போதும், அன்றைக்கு அவன் முகத்தைப் பார்க்க வேண்டுமே!

கம்பெனிக்கு மிஷின் வந்து இறங்கும் பெட்டிகளின் பலகையை கேட் பாஸ் வாங்கி, கேரியரில் கட்டிக்கொண்டு வருவான். மகள் சத்யப்பிரியாவின் நடைவண்டி, சமையல்கட்டு ஷெல்ஃப், சைக்கிள் பாரில் அவள் உட்காரும் குட்டி சீட் எல்லாம் அந்தப் பலகையில் பிறந்தவைதான். அவன் பெண்டாட்டி சரோஜாவும் லேசுப்பட்டவள் இல்லை. ஒயர் கூடை பின்னுவதில் அந்தத் தெருவில் அவளுக்கு ஜோடி கிடையாது. தண்ணீர் பிடிப்பது, சமைப்பது, பிள்ளையை பால்வாடியில் விட்டுக் கூட்டி வருவது, வாரத்துக்கு வாரம் மாறும் ஷிஃப்டுக்குத் தக்கபடி சோறு கட்டுவது என்று ஓடிக்கொண்டிருந்த அந்த வீட்டில் புருஷனும் பெண்டாட்டியும் நிம்மதியாகப் பேசிக்கொண்டதே கைவேலையின் நடுவில்தான். அவன் ஆணியை நீட்டச் சொல்வான். அவள் ஒயர் முனையைப் பிடித்துக்கொள்ளச் சொல்வாள்.

அப்படிப்பட்டவன் தொண்ணூற்றொன்றாம் வருஷம் சித்திரைக்குப் பிறகு சுத்தியலைத் தொடவில்லை. உளி, ரம்பம், திருப்புளி, ஆணி டப்பா எல்லாவற்றையும் ஒரு சாக்கில் போட்டுக் கட்டி, கட்டிலுக்கு அடியில் தள்ளிவிட்டான். காரணம், சரோஜா முழுகாமல் இருந்தாள்.

பிள்ளைத்தாச்சி இருக்கும் வீட்டில் கை வைக்கக் கூடாது என்பது அந்தப் பக்கத்து வழக்கம். சுவரை இடிக்கக் கூடாது, கூரையைப் பிரிக்கக் கூடாது, ஓர் ஆணிகூட அடிக்கக் கூடாது. பிரசவம் ஆகும்வரை வீடு மாறவும் கூடாது. ஏன் என்று கேட்டால் யாருக்கும் தெரியாது. மீறினால் என்ன ஆகும் என்று கேளுங்கள், ஆளுக்கு ஒரு கதை வைத்திருப்பார்கள். வேதாசலத்துக்கு ஊரார் கதை தேவைப்படவில்லை. அவனிடம் சொந்தக் கதையே இருந்தது.

இரண்டு வருஷத்துக்கு முன்னால், சத்யாவுக்கு அடுத்த பிள்ளையைச் சரோஜா சுமந்துகொண்டிருந்தாள். கோடை வெயில். காற்றுப் புகாத அறையில் அவள் வியர்த்துப் புழுங்குவதைப் பார்க்கச் சகிக்காமல், ஒரு ஞாயிற்றுக்கிழமை தெற்குச் சுவரை இடித்து ஜன்னல் வைத்தான். சட்டமும் கதவும் அவனே இழைத்தவை. வழக்கத்தைச் சொல்லித் தடுத்தவர்களைப் பார்த்துச் சிரித்தான். செவ்வாய்க்கிழமை சரோஜாவுக்கு வலி கண்டது. ஆஸ்பத்திரியில் பிறந்த ஆண் குழந்தைக்கு மூச்சு இல்லை.

அவனுடைய அக்கா பாஞ்சாலி சுங்குவார்சத்திரத்திலிருந்து ஓடி வந்தாள். தாயில்லாத தம்பியைத் தூக்கி வளர்த்தவள். அவன்மேல் அவளுக்கு இருந்த பாசத்தில் சந்தேகமே இல்லை. அவள் நாக்கில்தான் தாழ்ப்பாள் இல்லை. புது ஜன்னலைப் பார்த்ததும் மார்பில் அடித்துக்கொண்டாள்.

"வயித்துப் புள்ளக்காரி கீற வூட்ல செவுத்த இடிச்சியேடா, பாவி! நீ இடிச்சது செவுரு இல்லடா, உன் புள்ளைய!"

வேதாசலம், பாயில் சுவரைப் பார்த்துப் படுத்திருந்த சரோஜாவைத் திரும்பிப் பார்த்தான். "அப்படிச் சொல்லாதீங்க அண்ணி" என்று ஒரு வார்த்தை சொல்வாள் என்று எதிர்பார்த்தான். அவளுக்கு எல்லாம் கேட்டது. வாயைத் திறக்கவில்லை. அந்த மௌனத்தை அவன் தீர்ப்பாக எடுத்துக்கொண்டான். அன்று சாத்திய ஜன்னலை அதற்குப் பிறகு திறக்கவும் இல்லை.

ஆகவே இந்த முறை ஆள் அடியோடு மாறிப்போனான். கதவின் கீல் கழன்றது. தினமும் இரண்டு கையாலும் கதவைத் தூக்கிச் சாத்தினானே ஒழிய ஒரு ஸ்க்ரூ முடுக்கவில்லை. காலண்டர் மாட்டிய ஆணி விழுந்தது. காலண்டர் அரிசிப் பானைமேல் சாய்ந்து உட்கார்ந்துகொண்டது. பிள்ளை பிறப்பதற்கு முன்பே தொட்டில் செய்வதும் ஆகாது. கை ஊறல் தாங்காமல் சரோஜாவின் பக்கத்தில் உட்கார்ந்து ஒயர் கூடை பின்னப் பார்த்தான். தகடு தூக்கிக் காய்த்துப்போன விரலுக்கு அந்த முடிச்சு பிடிபடவில்லை. கூடை ஒரு பக்கம் வாயைக் கோணிக்கொண்டு நின்றது.

"இதுல இன்னாத்த வாங்கியாறது? முட்டைகோசு வெச்சாகூட உருண்டு வந்துடும்" என்று சரோஜா சிரித்தாள். அவனும் சிரித்தான். அந்த வருஷத்தில் அவர்கள் சேர்ந்து சிரித்தது மிகவும் கொஞ்சம்.

ஐப்பசி பிறந்ததும் மழை பிடித்துக்கொண்டது. ஒரு வாரம் விடாமல் கொட்டியதில் கூரையின் கிழக்குப் பக்கம் ஓடுகளைத் தாங்கிய கைமரம் ஒன்று, சுவரில் உட்காரும் முனையில் உளுத்துப்போயிருப்பது வெளியே தெரிந்தது. முதலில் சொட்டியது, வாளி வைத்தார்கள். அப்புறம் ஒழுகியது, அண்டா வைத்தார்கள். வேதாசலம் தினமும் அண்ணாந்து பார்ப்பான். அவனுக்குத் தெரியாதா? பக்கத்தில் ஒரு பலகையை அணைத்துக் கொடுத்து நாலு ஆணி இறக்கினால் கைமரம் இன்னும் பத்து வருஷம் நிற்கும். டீ ஆறுவதற்குள் முடிகிற வேலை. பார்த்துவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டு ஷிஃப்டுக்குப் போய்விடுவான்.

"யோவ், அது தாங்காதுய்யா" என்று சரோஜா இரண்டு மூன்று தடவை சொல்லிப் பார்த்தாள்.

"பொறுத்துக்க. புள்ள பொறக்கட்டும்."

ஓட்டைக்கு நேராக இருந்த பாயை வேறு மூலைக்கு இழுத்துப் போட்டதோடு சரி. சரோஜாவும் அதற்குமேல் வற்புறுத்தவில்லை. வற்புறுத்தினால் பேச்சு எங்கே போய் முடியும் என்று அவளுக்குத் தெரியும். அந்த இடத்துக்குப் போக அவளுக்குத் துணிச்சல் இல்லை.

அன்று அவனுக்கு முதல் ஷிஃப்ட். மத்தியானம் மூன்றரைக்கு மேல் வீடு திரும்பினான். மழை சற்றே விட்டிருந்தது. வாசலில் சரோஜா, எட்டு மாத வயிற்றோடு, சத்யாவையும் இடுப்பில் தூக்கி வைத்துக்கொண்டு நின்றிருந்தாள். முகத்தில் ரத்தமே இல்லை. அவன் சைக்கிளைப் போட்டுவிட்டு உள்ளே ஓடினான்.

கைமரம் முனை விட்டு இறங்கியிருந்தது. ஓடுகள் சரிந்து, இழுத்துப் போட்ட அதே பாயின்மேல் வந்து விழுந்திருந்தன. சத்யாவின் தலையணையில் ஓர் ஓட்டுத் துண்டு குத்திக்கொண்டு நின்றது.

"தூங்கிகினுதான் இருந்தா. மூத்தரம் வருதும்மான்னா. வெளிய தூக்கினு வந்தேன். பின்னாலயே வுழுந்துச்சி" என்றாள் சரோஜா. "ஏறிச் சரி பண்ணுய்யா. மிச்சமும் வுழுறதுக்கு முன்னாடி."

அவன் தலையணையைப் பார்த்தான். அண்ணாந்து கூரையைப் பார்த்தான். அப்புறம் அவள் வயிற்றைப் பார்த்தான். ஒரு பிள்ளையைக் காப்பாற்ற ஆணி அடிக்க வேண்டும். இன்னொரு பிள்ளையைக் காப்பாற்ற அடிக்கக் கூடாது. எந்தப் பக்கம் கை நீட்டினாலும் ஒன்று போய்விடும் என்று நம்பிய தகப்பனின் நிலைமையை யோசித்துப் பாருங்கள்.

"எதுர் வூட்ல கேக்கறேன். ஒரு மாசம் அங்க படுத்துக்கலாம்" என்றான்.

"அவங்க ஆறு பேரு ஒரே ரூம்ல கீறாங்க. எங்கய்யா படுக்கறது?"

"அப்ப நான் இன்னாதான் பண்றது?" என்றான். "என்னால முடியாது சரோஜா. ஒருத்தன நானே கொன்னேன். இன்னொண்ணையும் கொல்லச் சொல்றியா?"

இரண்டு வருஷத்தில் அவன் அதை வாய்விட்டுச் சொன்னது அன்றுதான். சொல்லிவிட்டுக் குழந்தைபோலத் தேம்பினான். சத்யா பயந்துபோய் அம்மாவின் கழுத்தைக் கட்டிக்கொண்டாள்.

சரோஜா பிள்ளையை எதிர்வீட்டில் விட்டுவிட்டுத் திரும்பி வந்தாள். சுவரைப் பிடித்துக்கொண்டு மெல்ல உட்கார்ந்தாள்.

"நீ கொல்லல" என்றாள். "நீ செவுத்த இடிச்சது ஞாயித்துக்கெழமை. வெள்ளிக்கெழமையே அவன் அசையறத நிறுத்திட்டான்."

அவன் தேம்பல் நின்றது.

"எனக்குத் தெரியும்யா. தூங்குதுன்னு நெனச்சிகினேன். சனிக்கெழமையும் அசையல. அப்புறம் பயமா பூட்ச்சி. சொன்னா, ஏன்டி உடனே ஆஸ்பத்திரிக்குப் போவலன்னு கேப்பாங்களேன்னு பயம். நாளைக்கு அசையும், நாளைக்கு அசையும்னு இருந்துட்டேன். எல்லாம் முடிஞ்சப்புறம் அண்ணி வந்து செவுத்தக் காட்டுச்சி. பழி செவுத்து மேல போவட்டும்னு வுட்டுட்டேன்."

"செவுத்து மேல போவல" என்றான் அவன். "எம்மேல வந்துச்சி."

அவள் தலையைக் குனிந்துகொண்டாள். அவளைத் திட்ட எனக்கு மனம் வரவில்லை. திட்டாமலும் இருக்க முடியவில்லை. அப்போது அவளுக்கு இருபத்திரண்டு வயது. பிள்ளையைப் பறிகொடுத்துப் பாயில் கிடந்தவள், பழி தன் பக்கம் வராமல் வேறு பக்கம் திரும்பியதும் வாயை மூடிக்கொண்டாள். மறுநாள் சொல்லலாம் என்று நினைத்திருப்பாள். மறுநாள் அது இன்னும் கஷ்டமாக இருந்திருக்கும். ஆனால் அந்த மறுநாள்களை எல்லாம் சுமந்தவன் அவன்தானே.

வேதாசலம் எழுந்து வெளியே போனான். கீழே கிடந்த சைக்கிளை நிமிர்த்தி நிறுத்திவிட்டு, அதன் சீட்டைப் பிடித்துக்கொண்டு வெகுநேரம் நின்றான். சைக்கிளை எடுத்துக்கொண்டு அக்கா வீட்டுக்குப் போய்விடுவானோ என்று சரோஜா பயந்தாள். மேற்கே மறுபடி இருட்டிக்கொண்டு வந்தது. அவன் உள்ளே வந்து, கட்டிலுக்கு அடியிலிருந்து சாக்கை இழுத்தான்.

சுத்தியலில் துரு ஏறியிருந்தது. வேட்டி நுனியால் துடைத்தான். கொல்லையில் கிடந்த பலகையை அளந்து அறுத்தான். முட்டுக்கு ஒரு கழியை நிறுத்திக் கைமரத்தைத் தூக்கி அதன் இடத்தில் உட்கார வைத்தான். ஏணியில் ஏறி, பலகையை அணைத்துப் பிடித்து, முதல் ஆணியை வைத்தான். சுத்தியலை ஓங்கினான். கை இறங்கவில்லை. உண்மை தெரிந்துவிட்டால் பயம் போய்விடும் என்று யார் சொன்னது? இரண்டு வருஷமாக உடம்பில் ஊறிய பயம் அது.

"அடிய்யா" என்றாள் சரோஜா கீழேயிருந்து.

அடித்தான். வீடு முழுக்க அந்தச் சத்தம் கேட்டது. இன்னும் மூன்று அடியில் ஆணி உள்ளே போனது. உடனே குனிந்து அவளைப் பார்த்தான்.

"அசையுதா?"

"அசையுது" என்றாள். கேள்வி முடிவதற்குள்ளேயே பதில் வந்துவிட்டது.

அவன் அவளையே பார்த்தான். கோபமாகப் பார்க்கவில்லை. அதைத்தான் அவளால் தாங்க முடியவில்லை.

"அன்னிக்கும் நீதான சரோஜா வயித்துல வெச்சிகினு இருந்த. சொன்னியா?" என்றான்.

சுத்தியலை ஏணியில் மாட்டிவிட்டு இறங்கி வந்தான். உளுத்த மரத்தூள் ஒட்டியிருந்த உள்ளங்கையை வேட்டியில் துடைத்து, அவள் வயிற்றின்மேல் வைத்தான். இருவரும் அப்படியே நின்றார்கள். பிள்ளை ஒருவர் சொல்லியா அசையும்? மழை தூற ஆரம்பித்து, பிரிந்த கூரை வழியாக இருவர் தலையிலும் விழுந்தது. அவன் கையை எடுக்கவில்லை. வெகுநேரம் கழித்து உள்ளேயிருந்து ஓர் உதை வந்தது. அவன் மூச்சு விட்டான். ஏணியில் ஏறி இரண்டாவது ஆணியை அடித்தான். மறுபடி இறங்கி வந்தான்.

ஒவ்வோர் ஆணிக்கும் அப்படித்தான் செய்தான். 'அசையுது' என்று அதற்குப் பிறகு சரோஜா சொல்லவே இல்லை. அவன் இறங்கி வரும்போதெல்லாம் முந்தானையை விலக்கி, அவன் கைக்கு இடம் விட்டுக் காத்து நின்றாள்.