டைசி ரஃபினின் கையெழுத்து

காலணிகளின் மேல்தோலைத் தைத்துப் பிழைத்த மெஹிட்டபெல் ஹாக்ஸி பழைய செய்தித்தாள்களைக் கொண்டு தானே எழுத்துக் கற்றவள். ஒரேயொரு பத்திரம் காணாமற் போனதால் தந்தையின் வீட்டை இழந்தவள். அன்றுமுதல் எந்தக் காகிதத்தையும் அவள் எறிந்ததில்லை; எல்லாவற்றையும் வீட்டில் ஒரு பெட்டியில் சேர்த்து வைத்தாள்.

தெற்கே அடிமைத்தனத்திலிருந்து தப்பி வந்தவர்களைப் பிடித்துச் செல்ல ஆட்கள் வந்தால், ஜூரி விசாரணையின்றி ஒப்படைக்கக் கூடாது என்று அமெரிக்காவின் வடக்கிலுள்ள மாசசூசெட்ஸ் மாநிலச் சட்டசபைக்கு மனு தயாராயிற்று. உறைபனியில் வீடு வீடாக ஏறி இறங்கி மெஹிட்டபெல் இருநூற்றுப் பதினொரு கையெழுத்துகள் திரட்டினாள். டாக்டரின் மனைவி லவீனியா ஸ்பிராக் தன் வீட்டுக் கூடத்திலேயே அமர்ந்து முப்பத்தெட்டுத் திரட்டினாள்.

இருவரின் தாள்களையும் ஒரே மனுவாக ஒட்டும் நாளில், மெஹிட்டபெல் வழக்கம்போல் அனைத்துக்கும் நகல் எடுத்தாள். ஒவ்வொரு பெயருக்கும் எதிரே வீடும் தெருவும் குறித்தாள். லவீனியாவின் தாளில் கடைசிப் பெயரைக் கண்டதும் பேனா நின்றது. டைசி ரஃபின். வர்ஜீனியாவிலிருந்து தப்பி வந்து சலவை செய்து வாழ்பவள். மெஹிட்டபெல் மூன்று முறை கேட்டும் மறுத்தவள்.

"பாத்தியா மெஹிட்டபெல்? யாருக்காக மனு போடறோமோ, அவளே போட்ட கையெழுத்து. உன் இருநூத்துப் பதினொண்ணுல இப்படி ஒண்ணு காட்டேன்!" என்றாள் லவீனியா.

மெஹிட்டபெல் அந்தப் பெயரையும் எழுதி முடித்து, நகலை மடித்துக்கொண்டு நேரே டைசியின் சலவைக் கொட்டகைக்குப் போனாள்.

"மூணு தடவை பனியில நடந்து வந்தேன். அவ டீ குடுத்ததும் போட்டுட்டியாக்கும்?"

"குடுத்தாங்க. சர்க்கரைதான் பத்தல."

"விளையாடாத டைசி. ஏன் அவகிட்ட?"

டைசி பிழிந்த துணியைக் கீழே வைத்தாள். "அவங்க காகிதம் நேரா சட்டசபைக்குப் போயிடும். அங்க எரநூத்தம்பது பேர்ல நானும் ஒரு பேரு, அவ்வளவுதான். நீங்க நகல் எடுப்பீங்க. பேரு, வீடு, தெரு, வாசல் எந்தப் பக்கம், அத்தனையும் எழுதி உங்க வீட்டுல வெப்பீங்க. என்னைப் பிடிக்க வர்றவனுக்கு அதைவிட என்னம்மா வேணும்?"

"என்மேல நம்பிக்கை இல்லையா?"

"உங்களை நம்பறேன். உங்க பெட்டியை நெனச்சாத்தான் பயம்."

மெஹிட்டபெல் நகலைப் பிரித்தாள். 'டைசி ரஃபின், கயிற்றுத் தெரு, பின்வாசல்.' இடுப்பில் தொங்கிய கத்தரிக்கோலால் அந்த ஒரு வரியை நறுக்கி, துணி அவிக்கும் அண்டாவின் அடியில் எரிந்த தீயில் போட்டாள். வாழ்நாளில் அவள் எரித்த முதல் காகிதம் அதுவே.

அது கருகும்வரை பார்த்திருந்துவிட்டுக் கேட்டாள்.

"இந்தக் காரணத்தை லவீனியாகிட்டச் சொன்னியா?"

"அவங்க கேக்கவே இல்லையே."

அந்தப் பதில் மெஹிட்டபெலின் நெஞ்சைச் சற்றே குளிர்வித்தது. ஆனால் முழுவதும் அல்ல. வீடு சேர்ந்ததும், அடி நறுக்கப்பட்ட தாளைப் பெட்டியில் வைக்குமுன், எஞ்சிய வரிகளை எண்ணி அதன் தலைப்பில் எழுதினாள்: 'லவீனியா ஸ்பிராக் திரட்டியவை: முப்பத்தேழு.' அந்த எண்ணை அவள் கடைசிவரை திருத்தவில்லை.