இரண்டு நிமிடத்தில் என் திறமை

ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்கும் எனக்கும் இருந்த உறவு முடிந்துவிட்டது. யார் யாரை விட்டது என்பதில் இரண்டு கருத்துகள் உண்டு. என் கருத்துப்படி நான்தான் விட்டேன். பதினேழு வயதில் திருநெல்வேலியிலிருந்து ரயிலேறி ஹவுராவில் இறங்கினேன். அன்று முதல் இன்று வரை நான் தூக்கி வைத்த எடையையெல்லாம் ஒன்று சேர்த்தால், அந்த ஸ்டேஷனையே பெயர்த்து ஆற்றுக்கு இந்தப் பக்கம், கல்கத்தாவில் வைத்திருக்கலாம்.

தூக்கியது கிரேன்தான். ஆனால் கிரேனுக்குக் கண் கிடையாது. கீழே நின்று கை காட்டுகிறவன்தான் அதற்குக் கண். விரலை மேலே சுழற்றினால் ஏறும், உள்ளங்கையைக் கவிழ்த்து அசைத்தால் இறங்கும், முஷ்டியை மூடினால் அப்படியே நிற்கும். அந்தக் கை என்னுடையது. கனமான இயந்திரங்களை நகர்த்தும் கலாசிகள் பன்னிரண்டு பேருக்கு நான் சர்தார், அதாவது மேஸ்திரி. என் கையைப் பார்த்துத்தான் அவர்கள் மூச்சே விடுவார்கள் என்று நான் சொல்லிக்கொள்வதுண்டு. அவர்களைக் கேட்டால் வேறு மாதிரி சொல்லக்கூடும். இதுவரை யாரும் கேட்டதில்லை.

இப்பேர்ப்பட்டவன் அறுபத்தோரு வயதில் இங்கிலீஷ் பேசும் பரீட்சைக்குப் படிக்கப் போனேன்.

ஹவுராவில் ஒரு தொழிற்சாலைக்கு வெளிநாட்டிலிருந்து இரும்புத் தகடு அழுத்தும் பெரிய பிரஸ் ஒன்று வந்து இறங்கியிருந்தது. அதைத் தூக்கி நிறுத்தும் வேலை எங்களுக்கு. கூடவே வந்த எஞ்சினியர் வெளிநாட்டுக்காரர். தூக்கும் இடத்தில் நின்று கை காட்டுகிறவர் இங்கிலீஷ் பேசத் தெரியும் என்று சான்றிதழ் வைத்திருக்க வேண்டும், இல்லாவிட்டால் அந்த இடத்தில் வேறு ஆள் நிற்பார் என்று சொல்லிவிட்டார்கள். அதாவது என் ஆட்கள் கயிறு கட்டுவார்கள், எவனோ ஒருவன் கை காட்டுவான், நான் கேட்டுக்கு வெளியே டீ குடிக்கலாம். அதற்குள் நான் பால்காரர் முதல் லிஃப்ட்காரர் வரை எல்லோரிடமும் அந்த பிரஸ்ஸை வாயாலேயே தூக்கி முடித்துவிட்டிருந்தேன்.

டாக்குரியா ஸ்டேஷன் பக்கத்தில், ஒரு மிட்டாய்க் கடையின் மாடியில் வகுப்பு. சொல்லிக்கொடுத்த அம்மாவுக்கு என் மகளைவிட வயது குறைவு. என்னை 'காகு' என்று சித்தப்பா முறை வைத்துக் கூப்பிட்டாள். இங்கிலீஷ் வகுப்பு என்றாலும் விளக்கம், திட்டு, சிரிப்பு எல்லாம் வங்காளத்தில்தான். இங்கே என் தமிழில் தருகிறேன்.

முதல் நாளே கேட்டாள்: உங்கள் திறமை ஒன்றைப் பற்றி இரண்டு நிமிடம் பேச வேண்டும். இப்படி ஒரு கேள்வியை யாராவது கேட்க மாட்டார்களா என்று நாற்பது வருஷத்துக்கு மேலாகக் காத்திருந்தவன் நான்.

ஜோடி ஜோடியாக உட்கார்ந்து பேசிப் பழக வேண்டும். எனக்கு ஜோடியாக வந்தவர் ஒரு ஆஸ்பத்திரி நர்ஸ், நாற்பது வயதிருக்கும், வெளிநாட்டு வேலைக்காகப் படிக்கிறவர். நான் அவரை அக்கா முறை வைத்துத் 'தீதி' என்பேன், அவர் என்னை அண்ணன் முறை வைத்துத் 'தாதா' என்பார். அவர்தான் முதலில் பேசினார். எந்தக் கையானாலும் முதல் குத்திலேயே நரம்பைப் பிடித்துவிடுவாராம். அதை ஒரே வரியில் சொல்லிவிட்டு உட்கார்ந்துவிட்டார். அவ்வளவுதானா என்று கேட்டதற்கு, "அவ்வளவுதான் தாதா, பிடிச்சப்புறம் என்ன பேச்சு?" என்றார். எனக்குப் பரிதாபமாக இருந்தது.

பிறகு நான் எழுந்தேன். கடிகாரம் பார்த்த ஒருத்தன் சொன்னபடி பதினொரு நிமிடம் பேசினேன்.

"ஏக்டு தாமுன், தாதா!" கொஞ்சம் நிறுத்தச் சொல்லி நர்ஸ் என் சட்டையைப் பிடித்து இழுத்தார்.

"உங்க ரெண்டு பேரையும் கலக்கிப் பாதியா வகுத்தா எனக்கு ரெண்டு நல்ல மாணவர்கள் கிடைப்பாங்க" என்றாள் டீச்சர். "ஆனா காகு, ஒரு விஷயம். பரீட்சையில உங்க குரலை மட்டும்தான் பதிவு பண்ணுவாங்க. கைக்கு மார்க் கிடையாது."

நான் பேசியதை அவள் ஃபோனில் பதிந்து அனுப்பியிருந்தாள். வீட்டுக்கு வந்து பெருமையாகச் சத்தம் கூட்டி வைத்தேன். "பிக் மெஷின். ஐ டூ லைக் திஸ். தென் கிரேன் கோ லைக் திஸ். ஸ்லோலி, ஸ்லோலி. லைக் திஸ், லைக் திஸ்... ஸ்டாப்!" என் மனைவி அடுப்பங்கரையிலிருந்து எட்டிப் பார்த்தாள்.

"யாரு இது? குடிச்சிட்டு வழி சொல்லுதவன் மாதிரி இருக்கு."

"நான்தான்."

"அப்படியா? எனக்கு அடையாளமே தெரியல. கைய வீசாம உங்க பேச்ச நான் கேட்டதே இல்லல்லா!"

எண்ணிப் பார்த்தேன், முப்பத்தியொரு 'லைக் திஸ்'. என் திறமை முழுவதும் கையில் இருந்திருக்கிறது. வாய் சும்மா கூட வந்திருக்கிறது. அன்றிலிருந்து இரண்டு கைகளையும் தொடைக்கு அடியில் வைத்து உட்கார்ந்துகொண்டு பேசப் பழகினேன். முதல் வாரம் வாயே திறக்கவில்லை. தோள்பட்டை மட்டும் துடித்தது.

அதற்கடுத்த கேள்விதான் என்னைக் கவிழ்த்தது. "உங்களிடம் இல்லாத திறமை எது? எது உங்களுக்கு வராது?" என்று டீச்சர் கேட்டாள். நானும் உண்மையாகவே யோசித்தேன். ஒன்றும் தோன்றவில்லை.

"நத்திங், மேடம்."

வகுப்பே சிரித்தது. நர்ஸ் சேலைத் தலைப்பால் வாயை மூடிக்கொண்டார்.

"காகு, இதை அவசியம் கேப்பாங்க. பேசாம உக்காந்திருந்தா ஃபெயில்" என்றாள் டீச்சர்.

வீட்டில் மனைவி தரையில் உட்கார்ந்து அரிவாள்மணையில் வாழைப்பூ நறுக்கிக்கொண்டிருந்தாள். எனக்கு வராதது என்ன என்று ஒரு பேச்சுக்குத்தான் கேட்டேன்.

"இதுக்கா இவ்வளவு யோசன? எழுதிக்கிடுங்க" என்றாள், நறுக்குவதை நிறுத்தாமலே. "அடுத்தவங்க பேசும்போது காது கொடுத்துக் கேக்க வராது, ஒண்ணு. தெரியாத தெருவுக்கும் தெரிஞ்ச மாதிரி வழி சொல்லுவீய, ரெண்டு. இத்தன வருசமா கல்கத்தாவுல இருக்கீய, மீன் பாத்து வாங்கத் தெரியாது, மூணு..."

"கொஞ்சம் மெதுவாச் சொல்லு."

"செஞ்சது தப்புன்னு சொல்ல வரவே வராது, நாலு."

"அது அநியாயம். எப்பவாவது சொல்லியிருப்பேன்."

"எப்ப? தேதி வேண்டாம், வருசம் மட்டும் சொல்லுங்க."

விரல் விட்டு எண்ணத் தொடங்கினேன்.

"இந்த வீடு வாங்கும்போது, அடுப்பங்கரை மேற்க பாத்திருக்கு, வேண்டாம்னு தலையால அடிச்சுக்கிட்டேன். காத்து வரும்னு சொன்னீய. இருவது வருசமா சாயந்தர வெயில்ல வேகுதேன். ஒரு நாளாவது வாயத் தொறந்தீயளா?"

அவள் குரலில் கோபமே இல்லை. மளிகைச் சாமான் சொல்கிறவள்கூட நடுவில் யோசிப்பாள், இவள் யோசிக்கவில்லை. பதினான்கு எழுதியதும் பக்கம் தீர்ந்துவிட்டது.

அந்தப் பதினான்கையும் நர்ஸ் எனக்கு இங்கிலீஷில் ஆக்கிக் கொடுத்தார். தமிழ் எழுத்தில் எழுதி மனப்பாடம் செய்தேன். நாலாவதுதான் வாயில் நுழையவில்லை. "ஐ ஆம் நாட் குட் அட் சேயிங் ஐ வாஸ் ராங்." வேலைக்குப் போகும்போது ஃபெர்ரியில் நின்று இதையே சொல்லிக்கொண்டு ஆற்றைக் கடப்பேன். கடலைக்காரர் ஒருவர் என்னிடம் விற்பதையே நிறுத்திவிட்டார்.

பரீட்சை அன்று கையைத் தொடைக்கு அடியில் வைத்தேன். திறமையைப் பற்றி இரண்டு நிமிடம், ஆறே ஆறு 'லைக் திஸ்'ஸோடு முடித்தேன். பிறகு அந்தக் கேள்வி வந்தது. என்ன சொல்ல! அதுவரை திக்கித் திக்கி வந்த இங்கிலீஷ் மடை திறந்த மாதிரி கொட்டியது. காது கொடுக்காமை, பொய் வழி, செத்த மீன், மேற்குப் பார்த்த அடுப்பங்கரை என்று வரிசையாக இறக்கினேன். என் குறையைக்கூட ஊரில் எவனுக்கும் இல்லாத குறை மாதிரிதான் சொன்னேன். பதினொன்றாவதில் கேள்வி கேட்டவர் உள்ளங்கையை உயர்த்திக் காட்டினார். அந்தச் சைகை எனக்குத் தெரியும். நின்றேன்.

பாஸ். எவ்வளவு வேண்டுமோ சரியாக அவ்வளவு, அரைப் புள்ளிகூடக் கூட இல்லை. வெளியில் சொல்லும்போது நான்தான் கொஞ்சம் கூட்டிக்கொண்டேன்.

பிரஸ் தூக்கும் நாள். அடிப்பாகம் மட்டுமே முப்பது டன்னுக்கு மேல். நான்கு மூலையிலும் இரும்புக் கயிறு மாட்டச் சொன்னேன். எஞ்சினியர் வந்து பார்த்தார், பின்பக்கத்து இடது கயிற்றைக் காட்டி இன்னும் உள்ளே தள்ளி மாட்ட வேண்டும் என்பது போல ஏதோ சொன்னார். எனக்கா சொல்கிறாய் என்று மனதுக்குள் சிரித்துக்கொண்டு "நோ பிராப்ளம்" என்றேன். விரலைச் சுழற்றினேன். தரையிலிருந்து ஒரு சாண்தான் ஏறியிருக்கும், பிரஸ் இடது பக்கமாகச் சாய்ந்தது.

முஷ்டியை மூடினேன். எல்லாம் நின்றது.

பன்னிரண்டு கலாசிகளும் என்னைப் பார்த்தார்கள். இந்த மாதிரி நேரத்தில் நான் சொல்வதற்கென்றே சில வாக்கியங்கள் உண்டு. கிரேன்காரன் குலுக்கிவிட்டான், தரை சரியில்லை, கயிறு புதுசு. அன்று எஞ்சினியர் பக்கம் திரும்பி வாயைத் திறந்தேன். ஃபெர்ரியில் உருப்போட்ட வாக்கியம் வந்தது, அதுவும் முன்பாதி உதிர்ந்துபோய்.

"ஐ வாஸ் ராங்."

"ஓகே" என்றார் அவர். அவ்வளவுதான். வானம் இடிந்து விழவில்லை. இறக்கினோம், கயிற்றை அவர் காட்டிய இடத்துக்கு மாற்றினோம், மறுபடி விரலைச் சுழற்றினேன். தட்டில் வைத்த பால் மாதிரி மட்டமாக ஏறியது.

கலாசிகளில் மூத்தவர் அருகில் வந்து, "சர்தார், சாகேப்கிட்ட இங்கிலீஷ்ல என்ன சொன்னீங்க?" என்று கேட்டார்.

"கயித்த மாத்தணும்னு சொன்னேன்."

மனைவியிடம் மட்டும் உள்ளதைச் சொன்னேன். சாயந்தர வெயில் அடுப்பங்கரை ஜன்னல் வழியாக அவள் முதுகில் விழுந்துகொண்டிருந்தது. முழுவதும் கேட்டுவிட்டு அடுப்பை அணைத்தாள்.

"வெள்ளக்காரர்ட்ட சொன்னது சரி. எங்க, அதையே தமிழ்ல சொல்லுங்க, பாப்போம். இந்த அடுப்பங்கரையப் பத்தி."

"தமிழ்ல பரீட்ச இல்லையே."

"நான் வைக்கேன். ரெண்டு நிமிசம் தாரேன்."

முகத்தைத் துடைத்துக்கொண்டு, ஸ்டூலை இழுத்துப் போட்டு என் எதிரே உட்கார்ந்தாள். நான் இரண்டு கைகளையும் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டேன்.